வாட்ஸ்அப் குழு இருக்கு, பதில் சொல்ல ஆள் இருக்கா?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. கைப்பேசி விடாமல் சிணுங்குகிறது. "அண்ணா, முருங்கைக்கீரை ரெண்டு கட்டு." "தக்காளி இருக்கா?" "போன வாரம் மாதிரியே போட்டுடுங்க." இடையில் யாரோ ஒரு ரோஜாப்பூப் படம் போட, அதற்கு நாலு பேர் கும்பிடு. இதற்கு நடுவில் ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "போன வாரம் வாங்கின கிச்சிலிச் சம்பாவில் வண்டு இருக்குதுங்க." அதற்குப் பிறகு நாற்பது செய்திகள் வந்துவிட்டன. அந்த வரி மேலே போய் மறைந்தே போனது.

சனிக்கிழமை விடியற்காலை. மொத்த ஆர்டர் எவ்வளவு என்று ஒருத்தருக்கும் தெரியாது. குத்துமதிப்பாகத்தான் பறிக்கிறோம். கீரை மீந்து போகிறது, தக்காளி பத்தவில்லை. மீந்த கீரை மாட்டுக்கு. வண்டு என்று எழுதிய அம்மா அடுத்த வாரம் ஆர்டர் போடவில்லை. சண்டை போடவில்லை, குழுவை விட்டு வெளியேறவும் இல்லை. சத்தமில்லாமல் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்.

இது எங்கள் குழுவின் கதைதான். ஒன்றரை வருசம் இப்படித்தான் ஓட்டினோம். "ஆன்லைன்ல விக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் பழைய குழப்பத்தையே கைப்பேசிக்குள் தூக்கி வைத்திருந்தோம், அவ்வளவுதான். இணையம் வழியாக வாடிக்கையாளரோடும் வேலையாட்களோடும் பேசுவதைப் பெரிய நிறுவனங்கள் எப்படிப் பழகின, எங்கே சறுக்கின என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அவர்களுடைய தொழில் வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் அவர்கள் விழுந்த குழியில்தான் நாமும் விழுந்திருக்கிறோம்.

அறிவிப்புப் பலகையும் திண்ணையும்

இணையம் பரவிய புதிதில் ஒரு நிறுவனத்தின் வலைத்தளம் என்பது சுவரில் எழுதிய விளம்பரம் மாதிரி. எழுதினவர் எழுதிவிட்டுப் போவார், பார்க்கிறவர் பார்த்துவிட்டுப் போவார். படிக்கிறவரும் திருப்பி எழுதலாம் என்ற ஏற்பாடு பிறகு வந்ததுதான். 1995இல் அமெரிக்காவில் வார்டு கன்னிங்காம் என்ற மென்பொருள்காரர், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பக்கம் ஒன்றை உருவாக்கி, அதற்கு 'விக்கி' என்று பெயர் வைத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் சீக்கிரம். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து எடுத்தது. நாம் எல்லோரும் பார்க்கிற விக்கிப்பீடியா 2001இல் இந்த வழியில் வந்ததுதான். வலைப்பூ, பின்னூட்டம், வாக்களிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பலகையாக இருந்தது, நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற திண்ணையாக மாறியது.

திண்ணையில் ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. நம்மைப் பற்றி மற்றவர்களும் பேசுவார்கள்.

டெல் என்ற கணினி நிறுவனத்துக்கு அதுதான் நடந்தது. 2005இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அந்த நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்றை வாங்கினார். அது பழுதானது. வீட்டுக்கே வந்து சரிசெய்து தருவதற்கும் சேர்த்துக் காசு கட்டியிருந்தார், ஆனால் வேலை நடக்கவில்லை. அவர் தன் வலைப்பூவில் 'டெல் நரகம்' என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தார். "எனக்கும் இதே கதிதான்" என்று அதன் கீழே ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். நிறுவனம் முதலில் கண்டுகொள்ளவில்லை. நம் குழுவில் வண்டுச் செய்தியை விட்டது மாதிரிதான். என்ன வித்தியாசம் என்றால், அங்கே உலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

2006இல் டெல் வழிக்கு வந்தது. தானும் ஒரு வலைப்பூ தொடங்கி, இணையத்தில் புலம்புகிறவர்களைத் தேடிப்போய் உதவ ஆள் போட்டது. 2007 பிப்ரவரியில் 'ஐடியாஸ்டார்ம்' என்ற தளத்தைத் திறந்தது. யார் வேண்டுமானாலும் யோசனை எழுதலாம், மற்றவர்கள் அதற்கு வாக்குப் போடலாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட கணினி வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஏகப்பட்ட வாக்கு விழுந்தது. அந்த வருசம் மே மாதமே உபுண்டு லினக்ஸ் போட்ட கணினிகளை டெல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தளம் வைப்பது பெரிய விசயம் இல்லை, காசு இருந்தால் யாரும் வைக்கலாம். கேட்டதற்கு மூணு மாசத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பலன் வந்தது பாருங்கள், ஆட்கள் நம்பினது அதை வைத்துத்தான்.

ஆயிரத்தில் ரெண்டு கூட இல்லை

ஸ்டார்பக்ஸ் காபிக் கடை 2008 மார்ச்சில் இதே மாதிரி ஒரு யோசனைத் தளம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் யோசனைகள் வந்தன என்றும், அதில் 277ஐ நிறைவேற்றினோம் என்றும் அவர்களே சொன்னார்கள். கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு ரெண்டு கூட வரவில்லை. காபிக் கோப்பை மூடியில் இருக்கிற சின்ன ஓட்டையை அடைக்க ஒரு பச்சைக் குச்சி கொடுப்பார்கள், நடக்கும்போது தளும்பாமல் இருக்க. அதுவும் வாடிக்கையாளர் சொன்னதிலிருந்து வந்ததுதான்.

அப்படியென்றால் மற்ற யோசனைக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லையா? கொஞ்சம் பேர் கோபித்திருப்பார்கள். ஆனால் பல துறை ஊழியர்களையும் அந்தத் தளத்தில் பதில் எழுத உட்கார வைத்திருந்தார்கள். ஒரு யோசனை பரிசீலனையில் இருக்கிறதா, வரப்போகிறதா, செய்து முடித்தாயிற்றா என்று அங்கேயே தெரியும். "முடியாது, ஏன்னா இதனால" என்ற பதிலை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். பதிலே வராததைத்தான் தாங்க மாட்டார்கள். நம் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லெகோ என்ற பொம்மைக் கம்பெனி இன்னும் ஒரு படி போனது. ரசிகர் ஒருவர் வடிவமைத்த பொம்மைக்குப் பத்தாயிரம் பேர் ஆதரவு கொடுத்தால் அதைப் பரிசீலிக்கும். தயாரித்து விற்றால், நிகர விற்பனையில் 1 சதவீதம் அந்த வடிவமைப்பாளருக்கு.

டெல், ஸ்டார்பக்ஸ் இரண்டு நிறுவனங்களின் தளங்களும் இன்று அந்த வடிவில் இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இப்படிப்பட்ட ஏற்பாடு ஒரு தடவை நட்டுவிட்டால் காய்க்கிற தென்னை இல்லை. கீரைப் பாத்தி மாதிரி தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். ஆள் குறைந்தால் காய்ந்துவிடும்.

உள்ளே இருப்பவர் வாய் திறக்க வேண்டும்

வாடிக்கையாளரிடம் பேசுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேலையாட்கள் பக்கம்.

அமெரிக்காவில் பெஸ்ட் பை என்று மின்னணுச் சாமான் விற்கும் பெரிய கடைத் தொடர் இருக்கிறது. கடைப் பணியாளர்கள் நீலச் சட்டை போட்டிருப்பார்கள். 2006 வாக்கில் அந்த நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் இருந்த இருவர், நீலச் சட்டைக்காரர்கள் மட்டும் பேசிக்கொள்ள ஒரு உள்தளம் அமைத்தார்கள். கடையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் விளம்பரத்துக்கு உதவுமே என்பதுதான் முதல் எண்ணம். பணியாளர்களோ தங்கள் பாட்டைப் பேச ஆரம்பித்தார்கள். பணியாளர்களுக்கான விலைத் தள்ளுபடியைக் குறைக்க நிர்வாகம் நினைத்தபோது, அந்தத் தளத்தில் கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்து நிர்வாகம் பின்வாங்கியது.

இதை நம் களத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நம் குழுவில் 'ஊழியர்' யார்? கீரை பறித்துக் கட்டுகிற அக்கா, எடை போடுகிற பையன், வண்டி ஓட்டுகிற அண்ணன், அப்புறம் உறுப்பினர்களான நாம். கீரை மஞ்சள் பாய்ந்து போகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், காரணம் அந்த அக்காவுக்குத்தான் தெரியும். "ஈரக்கட்டை அப்படியே கூடையில அமுக்கி, மேல வெங்காய மூட்டையை வச்சா வேற என்ன ஆகும்?" என்று நேரில் கேட்டால் சொல்வார். ஆனால் அவர் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை. பல வீடுகளில் ஒரே ஒரு நல்ல கைப்பேசிதான், அதுவும் பையன் கையில் இருக்கும். தட்டச்சு வராது என்று கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

அதனால் உறுப்பினர்களுக்கும் பறிப்பவர்களுக்கும் தனியாக ஒரு உள்குழு வைத்தோம். விதி ஒன்றே ஒன்று, குரல் பதிவு மட்டும். எழுதக் கூடாது. "இந்த வாரம் வெண்டை முத்திருச்சு, வியாழனுக்கு மேல நிக்காது" என்று அரை நிமிசம் பேசி அனுப்பினால் போதும். முதல் இரண்டு வாரம் யாரும் பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒரு அக்கா பேசினார், அதன் பிறகு நிறுத்தவே முடியவில்லை. கொஞ்சம் மாமியார் புராணமும் சேர்ந்துதான் வரும், பரவாயில்லை.

கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விசயம் இல்லை. ஐடிசி நிறுவனம் 2000இல் மத்தியப் பிரதேசத்தில் சோயா உழவர்களுக்காக 'இ-சௌபால்' தொடங்கியபோது, ஊருக்குள் ஒரு உழவர் வீட்டில் கணினி வைத்தது. அவருக்கு 'சஞ்சாலக்' என்று பெயர். அவர் வீட்டுக்குப் போனால் மண்டி விலையும் கம்பெனி கொடுக்கும் விலையும் தெரிந்துவிடும். அதுவரை வண்டி பூட்டி மண்டிக்குப் போன பிறகுதான் அன்றைய விலையே தெரியும். அது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணினியும் நிறுவனத்துடையது, வாங்குவதும் நிறுவனம். சஞ்சாலக்குக்குக் கமிஷன் கொடுப்பதும் அதே நிறுவனம்தான். நம் குழுவிலும் ஆர்டர் வருகிற கைப்பேசி ஒருத்தர் கையிலேயே இருந்தால், எந்தத் தோட்டத்துச் சரக்கு முதலில் போகும் என்பதை அவர் ஒருவரே முடிவுசெய்கிற நிலை வந்துவிடும். தெரிந்தே செய்ய வேண்டும் என்றுகூட இல்லை, தானாக நடந்துவிடும். ஆர்டர் பட்டியலை எல்லா உறுப்பினரும் பார்க்கும்படி திறந்து வைப்பதுதான் இதற்கு மருந்து.

ஆர்டர் வந்த பிறகு அறுவடை

நமக்கு நேரடியாகப் பொருந்துகிற ஏற்பாடு பிரான்ஸில் இருக்கிறது. 2011இல் அங்கே ஒரு அமைப்பு தொடங்கியது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஆமாம் என்று சொல்லும் தேன்கூடு'. பக்கத்து ஊர் உழவர்கள் தங்களிடம் உள்ளதை அந்தத் தளத்தில் பதிவார்கள். விலையை உழவரே வைப்பார். "குறைந்தது இவ்வளவு ஆர்டர் சேர்ந்தால்தான் கொண்டு வருவேன்" என்ற வரம்பையும் அவரே வைப்பார். வாங்குகிறவர்கள் முன்கூட்டியே ஆர்டர் போட வேண்டும். வரம்பு எட்டினால் உழவர் கொண்டு வருவார், எட்டவில்லை என்றால் இல்லை. வாரம் ஒரு நாள், ஒரு பொது இடத்தில், குறித்த நேரத்தில் எல்லோரும் வந்து வாங்கிப் போவார்கள், உழவர் முகத்தைப் பார்த்தே. விற்பனையில் ஒரு பங்கு அந்த இடத்தை நடத்துகிறவருக்கும் தளத்துக்கும் போகும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த வரம்புதான். அஞ்சு கிலோ கத்தரிக்காய்க்காக இருபது கிலோமீட்டர் டீசல் எரிக்கிற முட்டாள்தனத்தை அது நிறுத்துகிறது.

இதற்குத் தனித் தளமோ செயலியோ செய்து தருகிறோம் என்று வருகிறவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். முதல் வருசம் கூகுள் படிவமும் வாட்ஸ்அப் பிசினஸும் போதும், இரண்டுக்கும் காசு கிடையாது. எங்கள் வாரம் இப்போது இப்படிப் போகிறது:

புதன்கிழமை மாலைக்குள் உள்குழுவில் ஒவ்வொருவரும் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அதை வைத்து ஒருத்தர் கூகுள் படிவத்தில் பொருள், அளவு, விலை மாற்றி வைப்பார். வியாழன் காலை படிவத்தின் இணைப்பு வாடிக்கையாளர்களுக்குப் போகும். வெள்ளி மதியம் பன்னிரண்டு மணிக்குப் படிவம் மூடிவிடும். மூடின பிறகு "அண்ணா ஒரே ஒரு கட்டு" என்று யார் கேட்டாலும் கிடையாது. இதில் இளகினால் மொத்தமும் போச்சு, எங்கள் சொந்தக்காரர்களிடம்தான் இதற்கு அதிகம் பாடுபட்டோம். படிவத்தில் நிரப்பியதெல்லாம் தானாக ஒரு அட்டவணையில் வந்து விழும். பொருள்வாரியாகக் கூட்டிப் பார்த்தால் கீரை எத்தனை கட்டு, தக்காளி எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். சனி விடியலில் அந்த அளவுதான் பறிப்பு.

ஒரு குறை உண்டு. பத்து கிலோதான் இருக்கிறது, பதினைந்து கிலோ ஆர்டர் வந்தால் படிவம் தானாக நிறுத்தாது. நாம்தான் இடையிடையே பார்த்து, தீர்ந்த பொருளை எடுத்துவிட வேண்டும்.

வாடிக்கையாளர்களைக் குழுவாக வைப்பதா, ஒலிபரப்புப் பட்டியலாக வைப்பதா என்று கேட்கிறார்கள். குழுவில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், பல பெண்களுக்கு அது பிடிக்காது. ரோஜாப்பூத் தொல்லையும் அங்கேதான். ஒலிபரப்புப் பட்டியலில் செய்தி தனித்தனியாகப் போகும், பதிலும் நமக்கு மட்டுமே வரும். ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி சேரும். முதல் விற்பனையிலேயே, "எங்க நம்பரைச் சேமிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர்களின் பெயர், எண், எந்தத் தெரு என்பதை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். கைப்பேசி தொலைந்தாலும், நாளைக்கு வாட்ஸ்அப் விதி மாறினாலும், அந்த நோட்டு நம்மிடம் இருக்கும்.

பணம் பற்றி ஒன்று. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள், நம் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். பணம் வாங்குவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. யாராவது போடச் சொன்னால் ஏமாற்றப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

வண்டு அம்மாவுக்கு என்ன பதில்?

இப்போது வாரம் ஒருத்தர் என்று முறை வைத்திருக்கிறோம். அந்த வாரம் வரும் எந்தக் கேள்விக்கும் அன்றைக்கு ராத்திரிக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் "கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேங்க" என்றாவது சொல்ல வேண்டும். குறைகளை மட்டும் தனியாக ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே என்ன செய்தோம் என்றும் எழுதுகிறோம். மாதக் கூட்டத்தில் முதல் வேலையே அந்த நோட்டைப் படிப்பதுதான்.

அரிசியில் வண்டு என்ற குறை அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது. பூச்சிக்கொல்லி போடாத அரிசி, வண்டு வரத்தான் செய்யும் என்று நாங்கள் முதலில் சமாதானம் சொன்னோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மூணு மாசத்துக்கான நெல்லை ஒரேயடியாக அரைத்து மூட்டை போட்டு வைத்திருந்தது நம் தப்பு. உள்குழுவில் ஒரு பெரியவர்தான் குரல் பதிவில் திட்டினார்: "நெல்லா வச்சிருந்தா நிக்கும்டா, அரிசியாக்கி ஏன்டா அடைகாக்கறீங்க?" இப்போது நெல்லை நன்றாகக் காயவைத்து, ஈரம் 12 சதவீதத்துக்கு வந்த பிறகு நெல்லாகவே வைத்து, மாத ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் அரைக்கிறோம். "இனி மாதாமாதம் புதுசா அரைச்ச அரிசி, அரைச்ச தேதி பையில இருக்கும். நீங்க சொன்னதாலதான் மாத்தினோம்" என்று எல்லா வாடிக்கையாளருக்கும் எழுதினோம். வண்டுக் குறை அடியோடு நிற்கவில்லை, ஆனால் அபூர்வமாகிவிட்டது.

அந்த அம்மாவுக்குத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டோம். அதற்குள் அவர் வேறு கடைக்குப் பழகிவிட்டார். எப்போதாவது நாட்டுச் சர்க்கரை மட்டும் வாங்குகிறார்.

எங்களுக்கு இன்னும் பிடிபடாத ஒன்று மழை வாரம். வெள்ளி மதியம் ஆர்டரை மூடியாயிற்று, ராத்திரி கொட்டித் தீர்த்துக் கீரையெல்லாம் சேற்றில் சாய்ந்துவிட்டது என்றால் என்ன செய்வது? பதிலுக்கு வேறு காய் போட்டால் சிலர் மகிழ்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். படிவத்திலேயே "இல்லை என்றால் வேறு காய் சம்மதமா?" என்று ஒரு கேள்வி சேர்த்துப் பார்க்கப் போகிறோம். உங்கள் ஊரில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.